அனலேந்திக்காகப் பூக்கேட்ட மாதப்பன்

மாதப்பனுக்கு எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பத் தெரியாது. ஐந்து தேங்காய் வாங்கப் போனால் ஒன்றைக் கடையிலேயே உடைக்கச் சொல்வான். அது நன்றாக இருந்தால்தான் மற்ற நான்கும் பைக்குள் போகும். அவன் தொழில் அப்படி. மைசூர் ஹெப்பாளில் தண்ணீர்ப் பம்புக்கு வால்வு செய்யும் கம்பெனியில் அவன் தரம் பார்ப்பவன். நூறு வால்வு ஒரு லாட்; வந்ததும் அதில் ஐந்தைச் சாம்பிளாக எடுத்து அளப்பான். ஐந்தும் சரியென்றால் நூறும் பாஸ். ஒன்று கோணல் என்றால் நூறையும் திருப்பி அனுப்பிவிடுவான். லாரிக்காரன் காலில் விழுந்தாலும் கேட்கமாட்டான். அதே கம்பெனியில் நான் ஸ்டோர் கிளார்க். என் பெயர் பழனி. கம்பெனி பஸ்ஸில் அவனும் நானும் பதினோரு வருஷமாக ஒரே சீட். அவனைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு, கொஞ்சம் கோபமும் உண்டு.

இப்படிப்பட்டவன் 'கல்யானைக் கோட்டை' என்ற மாயாஜாலக் கதைக்கு அடிமையாகக் கிடந்தான். கோட்டை வாசலில் ஒரு கருங்கல் யானை. அதன் வயிற்றுக்குள் ஒரு ராஜ்யம். அந்த ராஜ்யத்தை மீட்கப் புறப்பட்ட இளவரசன் அனலேந்தி. சேலத்தில் அச்சாகி வருஷத்துக்கு ஒரு புத்தகம் வரும், ஒழுங்காக வந்தால். மைசூர் ரயில் நிலையத்துக்கு எதிரே நஞ்சுண்டசாமியின் கடையில் கிடைக்கும். அவர் கன்னடக்காரர், தமிழ் படிக்க வராது. அட்டையில் யானை இருந்தால் எனக்கென்று எடுத்து வைப்பார். ஒருமுறை கொசு ஒழிப்புத் துறை வெளியிட்ட யானைக்கால் நோய்ப் புத்தகத்தை மூன்று வாரம் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தார்.

மாதப்பனுக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. மைசூரிலேயே பிறந்து கன்னடத்தில் படித்தவன். பேசுவதற்குத் தமிழ், எழுதுவதற்குக் கன்னடம், கெட்ட வார்த்தைக்கு இரண்டும். தமிழ்ப் பேச்சிலும் 'அல்லவா'வுக்கு 'அல்வா', 'சும்மா'வுக்கு 'சும்னே', ஆளைக் கூப்பிட 'குரு' என்று கன்னடம் வந்து விழும். அவன் மனைவி பஞ்சவர்ணம் தமிழ்நாட்டு எல்லையோரத்து மார்டள்ளிக்காரி. தாய்மாமன் வீட்டில் தங்கி மேட்டூர்ப் பக்கம் ஐந்தாவது வரை தமிழ் படித்தவள். ஆனால் கல்யாணமான புதிதில் அவளைப் படிக்கச் சொன்னபோது இரண்டாம் பக்கத்திலேயே குறட்டை விட்டுவிட்டாளாம். அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. புத்தகம் வந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக் கூடத்தில் நான் சத்தமாகப் படிப்பேன், அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான்.

கேட்பதோடு விட்டால் பரவாயில்லை. அடுத்த புத்தகத்தில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லுவான். அதையும் வாயால் சொல்லமாட்டான். கம்பெனியின் பழைய பரிசோதனைப் படிவத்தில் கன்னடத்தில் எழுதி, கீழே சாட்சிக் கையெழுத்து வேறு என்னிடம் வாங்குவான். 'கல்யானை பேசும்.' 'சூனியக்காரி அனலேந்திக்கு அத்தை.' 'மந்திர முரசு ஆட்டுத்தோல் அல்ல, உடும்புத்தோல்.' புத்தகம் வந்ததும் ஒவ்வொன்றுக்கும் நேரே சரி, தப்பு என்று குறிப்பான். எட்டுப் புத்தகத்தில் அறுபத்து மூன்று ஆரூடம் சொன்னான். பலித்தவை இரண்டு. அதில் ஒன்று, 'மழை பெய்யும்.'

எட்டாம் புத்தகம் மோசமான இடத்தில் நின்றது. அனலேந்தியின் நெஞ்சில் ஈட்டி பாய்ந்து, அவன் அருவிக்குள் விழுந்துவிட்டான். ஒன்பதாவது தை மாதம் வரும் என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அது தொண்ணூற்று நாலாம் வருஷம். அதே மார்கழியில் பஞ்சவர்ணத்துக்கு வயிற்றில் கட்டி இருப்பதாகத் தெரிந்தது. பிப்ரவரி ஆறாம் தேதி ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்தார். திறந்து பார்த்தால்தான் எதுவும் சொல்ல முடியும், தள்ளிப் போட்டால் ஆபத்து என்றும் சொன்னார்.

எங்கள் ஆட்களுக்கு இப்படி ஒரு சங்கடம் வந்தால் கோயிலில் பூக்கேட்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியே இலையில் மடித்து அம்மன் காலடியில் போடுவார்கள். ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். வெள்ளை வந்தால் நல்லது. காலனி மாரியம்மன் கோயிலுக்கு மாதப்பன் என்னையும் கூட்டிப் போனான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் திட்டத்தைச் சொன்னான்.

"பழனிண்ணா, எடுத்த எடுப்புல பெரிய கேள்வியக் கேக்கலாமா? பூ சரியாச் சொல்லுதான்னு முதல்ல பாக்கணும் அல்வா? ஒரு சாம்பிள் கேள்வி போடணும். அதுக்குப் பதில் ஆபரேஷனுக்கு முன்னாடியே நம்ம கைக்கு வந்துடணும்."

"அப்படி என்ன கேள்வி?"

"அனலேந்தி உசுரோட இருக்கானா?"

பூசாரி கரியப்பன் கேள்வியைக் கேட்டதும் முகம் வாடிவிட்டார். "அடப்பாவமே. யாருங்க அந்தப் பையன், சொந்தமா?"

"ரொம்ப வேண்டியவன். கோட்டையில இருக்கான். ஈட்டி குத்திருச்சு."

"எச்.டி. கோட்டையிலயா? அங்கெல்லாம் காட்டுப்பன்னிக்கு வெக்கற ஈட்டிதான், பாத்துப் போறதில்ல," என்று, அந்தக் காட்டோர ஊர் என்றே நினைத்து, அவர் உண்மையான வருத்தத்தோடு மணியை இன்னும் பலமாக ஆட்டினார்.

வெள்ளை வந்தது. அனலேந்தி உயிரோடு இருக்கிறான். அடுத்து பஞ்சவர்ணத்துக்குக் கேட்டான். அதுவும் வெள்ளை. அந்த இடத்திலேயே படிவத்தை எடுத்து எழுதினான்: லாட், பூ. சாம்பிள், அனலேந்தி. முடிவு, புத்தகம் வந்த பின். நான் சிரித்தேன்.

"சாம்பிள் ஃபெயிலானா என்னப்பா பண்ணுவ?"

"லாட் ரிஜெக்ட். அவள ஆபரேஷனுக்கு அனுப்ப மாட்டேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கையெழுத்து கோட்டுக்கு வெளியே போயிருந்தது. எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை நஞ்சுண்டசாமி யானைப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே பிரித்தேன். ஆறாம் பக்கத்தில் அனலேந்தி செத்துக் கிடந்தான். சரி, மூலிகை ஏதாவது வரும் என்று புரட்டினேன். எட்டில் எரித்துவிட்டார்கள். ஒன்பதில் சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டார்கள். பதினோராம் பக்கத்தில் பதினாறாம் நாள் காரியம், பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்பது வரைக்கும். எழுதியவர் ஒரு சந்து பொந்து விடவில்லை. அந்த மனுஷன் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. என் பஸ் போய்விட்டது, அதுகூடத் தெரியவில்லை.

மறுநாள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து, ஆறாம் பக்கத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, வாய் கூசாமல் பொய் சொன்னேன். "அருவியில் விழுந்த அனலேந்தி ஒரு மரக்கிளையில் சிக்கித் தொங்கினான். ஈட்டி கவசத்தில்தான் குத்தியிருந்தது."

மாதப்பன் கண்ணைத் திறந்தான். "இரு குரு. போன புக்குல கவசத்தக் கழட்டித் தாதிகிட்டக் குடுத்துட்டுத்தானே போனான்?"

நான் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினேன். "அது மேல் கவசம். உள்ளே இன்னொன்று, தோல் கவசம்."

"என்ன தோல்?"

"உடும்பு."

"பாத்தியா!" என்று தொடையில் தட்டினான். "உடும்புத்தோல் வரும்னு அஞ்சாவது புக்குலயே எழுதுனேன்!" பச்சை மையில் 'பாஸ்' என்று எழுதிச் சுழித்தான். எழுதி முடித்து முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டேன். என் கண்ணெதிரே பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

பொய் சொல்கிறவனுக்கு ஞாபகம் வேண்டும் என்பார்கள். எனக்கு அது இல்லை. புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பஞ்சவர்ணம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தாள். பொழுது போகவில்லை என்று கேட்டாளாம், மாதப்பனே கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். அவன் ஃபிளாஸ்க்கில் காப்பி வாங்கப் போயிருந்தான்.

"ஏனுங்கண்ணா, இவங்க பதனாறாம் நாளு காரியமே பண்ணிப்போட்டாங்க. நீங்க மரத்துல தொங்க விட்டிருக்கறீங்க?" என்றாள் மெதுவாக.

நான் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். "இல்லம்மா... அவன் அந்தப் பூ விஷயத்தில..."

"தெரியுமுங்க. சாம்பிளு, லாட்டு, அல்லாம் எங்கிட்டச் சொல்லிப்போட்டுத்தான் சிரிச்சாரு." புத்தகத்தை மூடினாள். "எனக்கும் பயமாத்தான் இருக்குது. ஆனா அவரு பயந்தா என்னையக் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருவாரு. சொல்லிராதீங்க. மரத்துலயே தொங்கட்டும்."

புருஷனுக்குத் தெரியாத அந்தச் சாவை, வெட்டுக் கத்திக்குப் போகிற அவள் ஒருத்தியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மாதப்பன் காப்பியோடு வந்து, "எந்த எடம் வரைக்கும் வந்திருக்க?" என்று கேட்டான். "மரத்துல தொங்கறான்," என்றாள் பஞ்சவர்ணம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எலுமிச்சை அளவுக் கட்டியை எடுத்துவிட்டதாகவும், ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பியிருப்பதாகவும் டாக்டர் சொன்னார். மாதப்பன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். "நீங்களும் சாம்பிள்தானா சார்!" என்றான். பத்து நாளில் முடிவு வந்தது. கெட்டது எதுவும் இல்லை.

அதோடு என் பாடு தீர்ந்திருக்க வேண்டும். எங்கே தீர்ந்தது? பத்தாம் புத்தகம் வந்தது. அதில் அனலேந்தி இல்லை, அவன் தம்பி இருந்தான். மாதப்பன் கூடத்தில் அனலேந்தி வேண்டும். செத்தவனை வைத்து இருநூறு பக்கம் கதை கட்ட எனக்கு என்ன தெரியும்? ஸ்டோர் கணக்கைத் தவிர ஒரு வரி எழுதியவன் இல்லை நான். கடைசியில் வழி கிடைத்தது. மாதப்பனின் படிவத்தைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, அவன் எழுதியதையே வரிசையாகப் படித்துவிட்டேன். கல்யானை பேசியது. சூனியக்காரி அத்தையானாள். பத்தில் எல்லாம் சரி, பதினொன்றில் எல்லாம் சரி. ஒன்றுகூடப் பிசகவில்லை.

விளைவு, அவன் பஸ்ஸில் பெரிய மனுஷனாகிவிட்டான். எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட், மழை, மாப்பிள்ளை வீட்டார் முடிவு எல்லாம் அவனிடம் கேட்டார்கள். மேல்கோட்டைக்கு ஜோசியம் பார்க்கக் கிளம்பிய மேஸ்திரி ஒருவர் பாதி வழியில் இறங்கி இவனிடம் வந்தார். "எல்லாம் ஒரு கணக்கு குரு, உனக்குப் புரியாது," என்று என்னிடமே சொன்னான். ஜன்னலோர சீட்டையும் எடுத்துக்கொண்டான். எனக்கு வயிறு எரிந்தது. வாயைத் திறக்க முடியுமா?

பன்னிரண்டாம் புத்தகம் தொண்ணூற்று எட்டில் வந்தது. நான் முன்கூட்டிப் படிக்கவில்லை. கதை எப்படியும் நான் சொல்வதுதானே என்ற திமிர். கூடத்தில் உட்கார்ந்து, படிவத்தைப் பார்த்து ஒப்பித்துக்கொண்டே சும்மா பக்கத்தைத் தள்ளினேன். ஓரிடத்தில் கண் தடுக்கி நின்றது. அனலேந்தி என்று அச்சிலேயே இருந்தது. படிவத்தை மடித்துப் போட்டுவிட்டு உள்ளதை உள்ளபடி படித்தேன்.

"கல்யானை தும்பிக்கையை ஆற்றில் விட்டது. ஆறு முழுவதையும் உறிஞ்சிக் கரையில் கொட்டியது. ஈர மணலில் கரைந்துகிடந்த சாம்பல் ஒன்று கூடியது. அனலேந்தி கண்..." விரலை அந்த வரியில் வைத்து மறுபடி ஒருமுறை பார்த்தேன். "அனலேந்தி கண் திறந்தான்."

சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு பஞ்சவர்ணம் வந்து நின்றாள். கதை என்றால் இந்தப் பக்கமே வராதவள். "இன்னொருக்காப் படிங்கண்ணா," என்றாள். படித்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா, எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கண்ணீர்தான்.

மாதப்பன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன ஆச்சு ரெண்டு பேத்துக்கும்? அவன் எப்பப்பா கண்ண மூடுனான், இப்பத் தொறக்கறதுக்கு? சாம்பல் எங்கேர்ந்து வந்துச்சு? இந்த ஆளு சும்னே எழுதறான், முன்ன எழுதுனதயே மறந்துட்டான்." படிவத்தை எடுத்து, 'சாம்பல்: தப்பு. எழுதியவர் கவனக்குறைவு' என்று கன்னடத்தில் எழுதி, சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினான். இதைச் சேலத்துக்கு அனுப்ப வேண்டுமாம்.

நான் போட்டேன். பஞ்சவர்ணம் என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். என் பெயருக்குக் கீழே, கோணல்மாணலான தமிழில் நிதானமாக ஏதோ எழுதினாள். பேனாவை வைத்துவிட்டுக் குழம்பு தீய்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

மாதப்பன் படிவத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "என்ன எழுதியிருக்கா, இவ்வளவு நீளமா?"

'பூ பொய் சொல்லல' என்று எழுதியிருந்தாள்.

"பேருதான்," என்றேன்.