குளத்தின் மேல் நடந்த நாள்

சூலியா தெருவில், நாணயமாற்றுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கார்பன் கிரெடிட்டுகளைச் சரிபார்க்கும் சின்ன நிறுவனம். ஓர் ஆலை தன் வாயுவைக் காற்றில் விடாமல் அடக்கினால் அதற்குச் சான்று கிடைக்கும். அடக்க முடியாத வேறொரு நாட்டு ஆலை அந்தச் சான்றை விலைக்கு வாங்கிக்கொள்ளும். நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டதால் உண்டான சந்தை. நாற்பது வயதுக்கு மேல் சேர்ந்த நான் அறிக்கைகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். 'டன்' என்று அடிக்கும்போதெல்லாம், வாயுவுக்கு ஏது எடை என்று நினைப்பேன்.

ஒருநாள் ஆலையைச் சோதிக்கப் போக எங்கள் பொறியாளருக்குத் துணை இல்லை. அவள் என்னைவிடச் சின்னப் பெண்.

"அக்கா, நீங்க வாங்களேன்."

எங்கள் தீவிலிருந்து ஃபெரியில் கடலைக் கடந்து எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் போய், அங்கிருந்து காரில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலைக்குப் போனோம்.

ஆலைக்குப் பின்னால் கழிவுநீர்க் குளம். தண்ணீரே தெரியவில்லை. பந்துத் திடல் அளவுக்குக் கறுப்புப் படுதா மூடி, குன்றுபோல உப்பியிருந்தது. உள்ளே பழக்கசடு அழுகி வாயுவாகிறது. முன்பெல்லாம் அது அப்படியே வானத்துக்குப் போய்க்கொண்டிருந்ததாம்.

எங்காவது கசிகிறதா என்று பார்க்கப் படுதாமேல் ஏற வேண்டும். தீப்பொறி பட்டால் ஆபத்து என்பதால் போன்களைக் கரையில் வைத்துவிட்டு, மெத்தென்ற ரப்பர் காலணி மாட்டிக்கொண்டோம்.

"நடங்கம்மா, ஒண்ணும் ஆகாதுலா" என்றார் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்.

காலை வைத்ததும் படுதா அமுங்கியது. மிதித்த இடத்திலிருந்து ஓர் அலை கிளம்பி எதிர்க்கரைவரை மெல்ல ஓடியது. என் முழு உடம்பையும் வெறும் வாயு தாங்கிக்கொண்டிருந்தது. பயம்தான், ஆனாலும் இறங்க மனம் வரவில்லை.

"என்னக்கா, அப்படியே நின்னுட்டீங்க?"

"இது என்னைத் தூக்குது" என்றேன். வேறு சொல் வரவில்லை.

பிறகு, மிஞ்சிய வாயுவை எரிக்கும் குழாயைக் காட்டினாள்.

"எங்கே எரியுது?"

"வெயில்ல தெரியாதுக்கா. மேலே பாருங்க."

குழாய் முனைக்கு அப்பால் நின்ற செம்பனை மரங்கள், தண்ணீருக்குள் இருப்பவைபோல் நெளிந்தன. நெருப்பைக் காணோம். அதன் உறுமல் மட்டும் நெஞ்சில் அதிர்ந்தது. கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்காகவா, ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாத இத்தனை நாடுகள் உட்கார்ந்து பேசின? எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அடுத்த வாரமே முதலாளியிடம் கள வேலை கேட்டேன். "நாத்தம் தாங்குவீங்களா?" என்று சிரித்தார். பயிற்சி முடித்து இப்போது நானே ஆலைகளுக்குப் போகிறேன். கல்யாண வீடுகளில் என்ன வேலை என்று கேட்டால், "குளம் பார்க்கிற வேலை" என்கிறேன். மீன் வளர்க்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.