தெற்கு வரிசைக்கு வரி கேட்டு வந்த நாள்

எங்கள் நிவாரணச் சங்கத்தின் விதி கூரையை வைத்து எழுதப்பட்டது. கூரை முழுவதும் போயிருந்தால் முழு உதவி, பாதி போயிருந்தால் பாதி, நின்றிருந்தால் ஒன்றுமில்லை. சென்னையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதிய விதி என்று கேலி செய்வது சுலபம். ஆனால் ஒரே நாளில் பல ஊர்களைப் பார்த்தாக வேண்டியவர்கள், தெருவில் நடந்தபடியே கண்ணால் அளக்கக்கூடிய பொருள் கூரைதான். அந்த விதியை நம்பித்தான் நானும் பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அது 1966. பஞ்சாங்கப்படி பராபவ ஆண்டு, ஐப்பசி. புயல் தீபாவளிக்கு முன்பா பின்பா என்று அந்தக் கரையில் பல காலம் வாதம் நடந்தது. முன்புதான். நாங்கள் கொண்டுபோன சேலைகளை அங்கிருந்த பெண்கள் ‘தீபாவளிப் பொடவை’ என்று சொல்லித்தான் வாங்கிக்கொண்டார்கள். நிவாரணச் சேலை என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. இப்படி ஏதாவது ஒரு சான்றைப் பிடித்துக்கொண்டு காலத்தை நிலைநிறுத்துவது என் பழக்கம்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. திருப்பாச்சூரில் பிறந்து, சென்னையில் சமூகப் பணி படித்து, வேலையில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. அது என்ன வேலை என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. ஏரிக்கரையில் அந்தச் சங்கடம் இல்லை. பார்த்த முதல் நாளே ‘டீச்சரம்மா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மணல்திட்டில் இருந்த ஒரு சிறிய மீனவக் குப்பம் அந்தப் புயலில் இல்லாமல் போயிற்று. தப்பியவர்கள் ஏரியைக் கடந்து இக்கரையில் இருந்த பெரிய குப்பத்துக்கு வந்தார்கள். பெரிய குப்பத்தார் கஞ்சி ஊற்றினார்கள். ஊரின் தெற்கு ஓரத்தில் இடமும் விட்டார்கள். அங்கே எங்கள் சங்கம் வீடுகள் கட்டியது. மண் மேடை உயர்த்தி, கழி நட்டு, கீற்று வேய்ந்த வீடுகள். எல்லாம் ஒரே வரிசையாக நின்றதால் ‘தெற்கு வரிசை’ என்ற பெயர் தானாக அமைந்தது. முழு உதவி என்றால் வீடு, பாத்திரம், வலை. வலையும் சாதாரண வலை இல்லை. அப்போதுதான் அந்தப் பக்கம் வரத் தொடங்கியிருந்த நைலான் வலை. கார்த்திகை தீபத்தன்று தெற்கு வரிசை முழுக்க அகல் எரிந்ததைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினேன்.

மார்கழியில் மறுபடி போனபோது, கொடுத்த வலைகள் ஈரமே படாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

வரிசையின் முதல் வீட்டில் ஒரு அக்காள். பேச்சில் எப்போதும் உப்புக் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அவள் நைலான் வலையை வாசலுக்கு மறைப்பாகக் கட்டியிருந்தாள்.

“இன்னா டீச்சரம்மா, வலைய பாக்க வந்தியா? நல்லா பாத்துக்கோ. கோழி ஒண்ணுகூட உள்ள வர்றதில்ல. ரொம்ப ஒத்தாசையா கீது.”

“ஏன் ஏரியில இறக்கலை?”

“எறக்கலாம். அப்பால எங்கள யாரு கரையேத்தறது?”

காரணம் பிறகுதான் விளங்கியது. ஏரியில் எறால் எல்லா இடத்திலும் கிடைக்காது. கடல் ஏரிக்குள் நுழையும் முகத்துவாரத்தை ஒட்டி, நீர் இழுத்து ஓடும் சில இடங்களில்தான் கழி நட்டு வலை கட்ட முடியும். இடம் கொஞ்சம், வீடு அதிகம். அதனால் எந்த நாளில் எந்த வீட்டார் எங்கே வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டெடுத்து முறை வைத்திருந்தார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஊருக்கு வரி கட்டும் வீட்டுக்குத்தான் பாடு உண்டு. தெற்கு வரிசைக்காரர்கள் ஊரில் இருந்தார்கள், ஊர்க்காரர்களாக இல்லை.

அக்காளின் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துச் செங்கல் சூளையிலிருந்து ஒரு மேஸ்திரி வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். பொங்கல் முடிந்ததும் லாரி வரும். குடும்பத்தோடு ஏறினால் முன்பணம் உண்டு.

“போவப் போறியா? மண்ணு மெதிக்கவா உன்ன கட்டிக்கினேன்?” என்றாள் அக்காள்.

“பின்ன இன்னா பண்ணச் சொல்ற? ஏரிய பாத்துக்கினே இருந்தா வயிறு ரொம்புமா?”

“சூளைக்கு போனா ஊரு போச்சி. நீ ஒரு பக்கம், உன் தம்பி ஒரு பக்கம். அப்பால நம்ம பொண்ணுக்கு எந்த ஊருன்னு சொல்லி மாப்ள தேடுவ?”

அவர் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். வரிசையில் மற்றவர்கள் எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் லாரி ஏறினால் எல்லாரும் ஏறுவார்கள். கடல் அழித்தது போக மிஞ்சிய ஒரு ஊர், சூளை சூளையாகப் பிரிந்து கரைந்துவிடும். நாங்கள் கட்டிய வீடுகள் மட்டும் அங்கே நிற்கும்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. மீன் விற்கும் பெண்கள் நின்ற பக்கமாக நானும் நின்றேன். தெற்கு வரிசைக்குப் பாடு தர வேண்டும் என்று கேட்டேன். ஊர்த் தலைவரான பெரியதனக்காரர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

“எம்மா, கஞ்சி கேட்டாங்க, ஊத்தினோம். எடம் கேட்டாங்க, உட்டோம். இப்ப ஏரிய கேக்கற. நாளிக்கு இன்னா கேப்ப, எங்க ஊட்டு அடுப்பா?”

எல்லாரும் சிரித்தார்கள். தெற்கு வரிசைக்காரர்கள் எல்லாவற்றையும் இழந்தவர்கள் என்று நான் தொடங்கினேன். பக்கத்தில் நின்ற மீன்காரம்மா கூடையைத் தொப்பென்று கீழே வைத்தாள்.

“அவங்க போக்கடிச்சது உன் கண்ணுக்கு தெரிது. எங்க கூரை நின்னுச்சி பாரு, அதான் நாங்க பண்ண தப்பு! வா, எங்க ஊட்டு வலைய வந்து பாரு. பூன நொழைஞ்சி அந்தாண்ட போவும்.”

போனேன். அவள் வீட்டுக்கு மட்டுமல்ல, வீடு வீடாக. சவுக்குத் தோப்பின் மறைவில் இருந்த அந்த ஊரில் கூரைகள் உண்மையிலேயே நின்றிருந்தன. ஆனால் புயலின்போது கழியில் கட்டியிருந்த வலைகள் கழியோடு போயிருந்தன. கரையில் காய்ந்தவை சவுக்கு மரங்களில் சிக்கிக் கந்தலாகியிருந்தன. எங்கள் ஆட்கள் தெருவில் நடந்து, கூரையைப் பார்த்து, ‘சேதமில்லை’ என்று எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். ஒருவரும் உள்ளே வந்து வலையைக் கேட்கவில்லை.

கூட்டம் கலையாமல் இருந்த கோயிலுக்குத் திரும்பி மீன்காரம்மாவிடம் கேட்டேன்: “இன்னிக்குப் பாடு யாருக்கு?”

“எங்க ஊட்டுக்குதான்.”

“ஏன் போகலை?”

“இன்னாத்த கட்டறது? என் பொடவையவா?”

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்: “தெற்கு வரிசையில வலை இருக்கு, பாடு இல்லை. உங்ககிட்ட பாடு இருக்கு, வலை இல்லை. ரெண்டும் தனித்தனியா காயுது.”

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பங்கு எப்படி? வலை கிழிந்தால் யார் தைப்பது? படகு யாருடையது? எறால் வராத நாளுக்கு யார் பொறுப்பு? நான் வாய் திறக்கவில்லை. படித்த படிப்பில் எனக்கு மிகவும் பயன்பட்டது, எந்த இடத்தில் பேச்சை நிறுத்த வேண்டும் என்ற பாடம்தான். வெயில் ஏறியபோது முடிவுக்கு வந்தார்கள். ஒரு ஊர் வீடும் ஒரு தெற்கு வரிசை வீடும் சோடி. சரி பாதிப் பங்கு. ஆடி வரைக்கும் மட்டும்.

மீன்காரம்மா வீட்டுக்கு முதல் வீட்டு அக்காள் சோடி. அந்த வீட்டுக்கு அடுத்த பாடு வந்த நாள் காலை ஆண்கள் படகேறியதும், இரண்டு பெண்களும் கரையில் உட்கார்ந்து இன்னொரு வலையைச் சீர் பார்த்தார்கள்.

“உங்க ஊர்ல முடிச்சி இப்டிதான் போடுவாங்களா? பின்னல் மாதிரி கீது.”

“எங்க ஊரே போச்சி, நான் போட்ட முடிச்சி இன்னும் அவுரல. நீ உன் முடிச்ச பாரு.”

மீன்காரம்மா சிரித்துவிட்டாள். படகு திரும்பியபோது கூடை நிறைய எறால் துள்ளியது. பொங்கல் முடிந்து லாரி வந்தது. அக்காளின் வீட்டுக்காரர் ‘ஆடி வரைக்கும் பாக்கறேன்’ என்று மேஸ்திரியிடம் சொன்னார். லாரி வெறுமனே திரும்பியது.

ஆனால் என் வேலையில் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. ஊர்க்காரர்களும் இழந்தவர்கள், அவர்களுக்கும் வலை சேர வேண்டும். அதுதான் நியாயம். அவர்களுக்கு வலை வந்துவிட்டால் தெற்கு வரிசையின் தயவு எதற்கு? அக்காளிடமே கேட்டேன்.

“குடு, டீச்சரம்மா. வலை இல்லன்றதுக்காக எங்கள வச்சிக்கினாங்கன்னா, அது ஒரு பொழப்பா?” என்றாள்.

சங்கத்துக்கு எழுதினேன், நேரில் போய் வாதாடினேன். கூரையைப் பார்த்த பிறகு, ‘எதைக் கொண்டு பிழைத்தீர்கள், அது இருக்கிறதா?’ என்று ஒரு கேள்வி கேட்கலாம் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். 1977ஆம் ஆண்டுப் புயலில், அதாவது பிங்கள ஆண்டில், எங்கள் சங்கத்துப் பிள்ளைகள் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டார்கள். கூரை இரண்டாவது கேள்வியாகியிருந்தது. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். நான் வேறு எதையும் கண்டுபிடித்ததில்லை.

தேர்தல் நெருங்கியதால் எல்லாமே தாமதமாகி, 1967 பங்குனியில்தான் ஊருக்கு வலைகள் வந்து சேர்ந்தன. அதன் பிறகு சில சோடிகள் பிரிந்தன; சில பிரியவில்லை. ஆடி நெருங்க நெருங்கத் தெற்கு வரிசையில் பேச்சுக் குறைந்தது. ஆடித் திருவிழாவுக்கு ஊர் வரி வசூலிப்பார்கள். வரி கட்டியவர்களை வைத்துத்தான் அடுத்த பாடு முறைக்குச் சீட்டெடுப்பார்கள். தெற்கு வரிசைக்காரர்களின் வரியைச் சங்கமே கட்டிவிடட்டுமா என்று பெரியதனக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன்.

“சங்கம் கட்டினா சங்கத்துக்குதான் பாடு. நீ வந்து வலை இசுப்பியா?” என்றார். ஊர் வந்து கேட்காமல் யாரும் வரியைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியாது. கேட்கப்படுவதுதான் உரிமை.

ஆடியில், காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் காலை நான் முதல் வீட்டில்தான் இருந்தேன். மேஸ்திரியும் ‘ஆடி வரைக்கும்’ என்ற கெடுவை நினைத்து வந்து, ஒரு மர நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். வடக்குத் தெருவில் மேளச் சத்தம் கேட்டது. வரி வசூலிக்கும்போது மேளத்தோடு போவது அந்த ஊர் வழக்கம். சத்தம் கோயிலைச் சுற்றியது. அங்கே நின்றது. அக்காள் உலையைப் பார்ப்பதுபோல் குனிந்திருந்தாள். அடுப்பில் நெருப்பே இல்லை.

பிறகு மேளம் தெற்கே திரும்பியது.

பெரியதனக்காரர் வாசலில் வந்து நின்றதும் முதல் சொல்லே அதட்டல்தான்: “இன்னா நைனா, மோளம் அடிச்சிக்கினு வந்தாதான் எழுந்திருப்பியா? வரின்னா மட்டும் காது கேக்காதே உங்களுக்கு!”

அக்காளின் வீட்டுக்காரர் எழுந்தவர் அப்படியே நின்றார். அக்காள்தான் வெளியே வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, தயாராக வைத்திருந்ததைத் தட்டில் போட்டாள்.

“போன வருசத்து பாக்கி?” என்றார் பெரியதனக்காரர், முகத்தில் சிரிப்பைக் காட்டாமல்.

“போன வருசம் எங்க ஊரு சாமிக்கு கட்டினோம். சாமியோட சேத்து கடலு எட்துகினு போச்சி. போயி கேட்டு வாங்கிக்கோ.”

மேளக்காரர் அடியைத் தவறவிட்டுச் சிரித்தார். கூட வந்த மீன்காரம்மா, “இவ வாய்க்கே தனி வரி போடணும்” என்றாள். தட்டு அடுத்த வீட்டுக்குப் போயிற்று, அதற்கடுத்த வீட்டுக்கும் போயிற்று. வரிசையின் கடைசி வரை ஒரு வீட்டையும் அவர்கள் தாண்டிப் போகவில்லை.

சமூகப் பணி என்றால் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு அன்றிலிருந்து என்னிடம் ஒரு பதில் இருந்தது. கொடுக்கப் போன இடத்தில், வாங்கியவர்களிடம் ஊர் வந்து கேட்கும் நாள்வரை கூட இருப்பது.

மேஸ்திரி பீடியை அணைத்துவிட்டு வந்தார். “இன்னாம்மா, லாரிய வரச் சொல்லட்டா?”

அக்காள் வாசலில் மறைப்பாகக் கட்டியிருந்த வலையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். இடையில் பல நாள் ஏரியில் இறங்கியும், கரைக்கு வந்ததும் அது அந்த வாசலுக்கே திரும்பிவிடும்.

“வேற ஊரப் பாரு, மேஸ்திரி. நாங்க இந்த ஊருக்கு வரி கட்றவங்க” என்றாள். அவிழ்த்த வாசல் வழியாகக் கோழி ஒன்று உள்ளே புகுந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.