ஸ்பிரிங்வெளியில் ஒரு சட்டிக் கிழங்கு

காலை ஐந்து மணிக்குக் கொழும்பு புறக்கோட்டையில் பதுளை பஸ் ஏறினேன். ஊர் சுற்றும் ஆசையெல்லாம் இல்லை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் அக்கா சரசுவுக்குப் பன்னிரண்டு நாள் காய்ச்சல். காய்ச்சல் விட்டும் சோறு இறங்கவில்லை. இப்படியே கிடந்தால் மறுபடியும் வார்டில்தான் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நாக்கு செத்துப் போச்சுடா தம்பி. புளிப்பா கிழங்கு வறுத்தா ரெண்டு வாய் இறங்கும். வறுக்கத்தான் நிக்க முடியல" என்றாள் போனில். கொழும்பு வெள்ளவத்தை அறையில் பத்து வருடமாகத் தனியாகப் பொங்கித் தின்பவன் நான். வேலை என் தலையில் விழுந்தது.

பதினொரு மணிக்குப் பெரகலயில் பஸ் நின்றது. இடுப்பு விட்டுப் போயிருந்தது. ரோட்டோரக் கடையில் உருளைக்கிழங்கு கிலோ முந்நூற்று எண்பது ரூபாய். "வெலிமடைக் கிழங்குங்க, மண்ணைப் பாருங்க" என்றார் கடைக்காரர். வெளிநாட்டுக் கிழங்குக்குச் செம்மண் பூசி, வெலிமடைக் கிழங்கென்று விற்பதும் உண்டு. சண்டை போடத் தெம்பில்லாமல் ஒரு கிலோ வாங்கினேன்.

ஒரு மணிக்குப் பதுளை. அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் ஆயிரத்தைந்நூறு கேட்டார். "ரோட்டைப் பாத்துட்டு நீங்களே இன்னும் நூறு சேத்துக் குடுப்பீங்கண்ணே." கொடுத்தேன்.

தோட்டத்து லயத்தில், வீடென்று இருந்த ஒற்றைக் காம்பராவுக்குள் அக்கா சுருண்டு கிடந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. "எதுக்குடா இவ்வளவு தூரம்?" "கிழங்கு வறுக்கத்தான்" என்றேன். சிரிக்கப் போய் இருமினாள்.

கிழங்கை விரல் தடிமனில் நறுக்கி, உப்பும் மஞ்சளும் போட்டு அரை வேக்காடு வேகவைத்து, ஈரம் போகத் துணியில் பரப்பினேன். பிறகு இரும்புச் சட்டியில் தேங்காயெண்ணெய் விட்டு, அவசரப்படாமல் புரட்டினேன். ஓரம் சிவந்து விறைத்ததும், கெட்டியாகக் கரைத்த புளியில் மிளகாய்த்தூள் கலந்து ஊற்றி, அது ஒட்டிக் காய்ந்தவுடன் இறக்கினேன். அப்போது மணி ஐந்து.

"மச்சான் வரட்டும்" என்றாள் அக்கா. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் அவள் சாப்பிடுவாள். உப்புக்கூட நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டாள். அவள் புருஷன், தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் வேலை முடிந்து வந்து, குளித்து, உட்காருவதற்குள் மூடுபனி வாசல் தாண்டி உள்ளே வந்துவிட்டது. அவருக்குப் போட்டு, எனக்குப் போட்டு, ஆறு மணிக்கு அவள் தட்டெடுத்தாள். ஒரு வாய் மென்றாள். தள்ளி வைத்தாள்.

"சவசவன்னு இருக்கு. இறங்கலடா."

பதின்மூன்று மணி நேரம் அலைந்தது இதற்குத்தானா என்று அழுகையே வந்துவிட்டது. 

ஆறி நமத்துப் போயிருந்த மிச்சக் கிழங்கை மறுபடி சட்டியில் போட்டேன். அடுப்புக்குப் பக்கத்தில் பலகை போட்டு அக்காவை உட்கார வைத்தேன். "இறக்கின உடனே தின்னு. யாருக்கும் காத்திருக்காத."

"அவருக்கு..."

"நீ தின்னு சரசு" என்றார் மச்சான்.

அகப்பையிலிருந்து நேரே அவள் தட்டில் போட்டேன். ஊதி, ஒரு துண்டைக் கடித்தாள். கறுக்கென்றது. மெல்லுவதை நிறுத்தினாள்.

"என்னடா, சத்தம் போடுது?"

"கிழங்குதான்க்கா."

"இருபத்தெட்டு வருசமா இதே சட்டியிலதான் வறுக்கிறேன். இது இப்படியா இருக்கும்?"

மச்சான் தட்டைக் கீழே வைத்தார். "இப்படித்தான் இருக்கும்" என்றார். பிறகு எழுந்து, அவளுக்குச் சோறு போட்டுக் கொண்டுவந்தார். மூன்று பிடி தின்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டேன். மிஞ்சிய கிழங்கைப் பொட்டலம் கட்டிக் கையில் திணித்தாள். "வழியில தின்னு." குரலில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

பெரகலயில் பஸ் நின்றபோது பொட்டலத்தைப் பிரித்தேன். என் அறையில் நான் யாருக்கும் காத்திருந்ததில்லை. சட்டியிலிருந்தே சுடச்சுட எடுத்துத் தின்பேன். இது நமத்து, புளி ஊறி, சவசவவென்று இருந்தது. அக்கா இருபத்தெட்டு வருடமாகத் தின்ற கிழங்கு இதுதான். கடைசித் துண்டு வரை தின்றேன்.