கர்ச்சீப் போட்ட சீட்டு

லவினா ஆயுசுல ஒரே ஒரு கதைதான் எழுதினா. அதுக்கு அவ வெச்ச பேரையும் நிக்க வுடல. இன்னிக்கு நெனச்சாலும் எனக்கு வயிறு எரியுது.

நாங்க ரெண்டு பேரும் மாரிகுப்பத்துல காலை ட்ரெயின் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போறவங்க. அவ ஒரு கம்பெனியில கணக்கு பாக்கறா, நான் துணிக்கடையில நிக்கறேன். எங்க ட்ரெயினுக்கு ஒரு வழக்கம் உண்டு. அடுத்தடுத்த ஸ்டேஷன்ல ஏறுற நம்ம ஆளுங்களுக்கு சீட்டுல கர்ச்சீப் போட்டு வெப்போம். எவ்ளோ கூட்டம் நெருக்கினாலும் அத ஒருத்தரும் எடுக்கமாட்டாங்க. லவினா தினம் பக்கத்து சீட்டுல போடுவா. கோரமண்டல் ஸ்டேஷன்ல ரூபேஷ் ஏறி, அத மடிச்சு அவகிட்ட குடுத்துட்டு உட்காருவான். அஞ்சாறு வருஷம் அவங்க காதல் அவ்ளோதான். கை கூட பட்டிருக்காது.

ரெண்டு வீட்டுக்கும் தெரிஞ்சுது. லவினாவோட அப்பா சுந்தரராஜ் சர்ச் கமிட்டியில பெரிய ஆளு. "இந்துக்காரங்க வீட்டுல பொண்ணு குடுத்துட்டு நான் சபையில எப்டி நிப்பேன்?"ன்னாரு. ரூபேஷோட அம்மா பார்வதம்மா சோத்துல கை வைக்காம படுத்துட்டாங்க. கடைசியில அவனுக்குத் தாய்மாமன் பொண்ணைக் கட்டி வெச்சாங்க. அதுலருந்து அவன் வேற பெட்டியில ஏறினான்.

இவ கர்ச்சீப் போடறத நிறுத்தல. கோரமண்டல் தாண்டினதும் எடுத்துட்டு, நிக்கற யாரையாவது உட்கார வெப்பா. "இன்னாடி இது பைத்தியக்காரத்தனம்?"னு நானும் திட்டிப் பாத்தேன். "கை தானா போடுது மரியக்கா"ன்னா.

அதைத்தான் சர்ச்சோட கிறிஸ்துமஸ் மலருக்குக் கதையா எழுதினா. பேரு "கர்ச்சீப் போட்ட சீட்டு". மலரைப் பாத்துக்கறது அவ அப்பாதான். படிச்சாரு, யாரு கதைன்னு புரிஞ்சுது, ஒரு வார்த்தை கேக்கல. கர்ச்சீப்புன்னு ஒரு கதைக்குப் பேரான்னு சொல்லி "தியாகம்"னு மாத்திட்டாரு. கல்யாணப் பேச்சுல வாயே தொறக்காத பொண்ணு, அன்னிக்கு அவர் எதுக்க நின்னா. நானும் அங்கதான் இருந்தேன்.

"நான் ஒண்ணும் விட்டுக் குடுக்கலப்பா. எடம் போட்டு வெச்சேன், உட்கார வுடல. அதாம்பா கதை. அந்தப் பேராவது இருக்கட்டும்."

அச்சாகி வந்தது "தியாகம்"தான். நல்ல படிப்பினைன்னு சபையில எல்லாரும் பாராட்டினாங்க. அவ ஒரு மலர் கூட வீட்ல வெச்சுக்கல.

போன மாசம் சுந்தரராஜுக்கு பெங்களூர்ல கண்ணு காட்டணும்னு எங்க கூட வந்தாரு. சீட் பிடிக்க இவ முன்னாடி ஓடினா. அவரு மெதுவா ஏறி வர்றதுக்குள்ள பெட்டி நெறஞ்சுபோச்சு. லவினா பக்கத்துல மட்டும் காலி. கர்ச்சீப்பை எடுக்கக் கை நீட்டினாரு.

"ஆள் வராங்க"ன்னுட்டா. தினம் எல்லாருக்கும் சொல்ற வார்த்தை, பழக்கத்துல வந்துடுச்சு. அவருக்கு மூஞ்சி செத்துப்போச்சு. கம்பியைப் பிடிச்சுகிட்டு நின்னாரு. நான் எழுந்து எடம் குடுத்தும் உட்காரல.

கோரமண்டல்ல ரூபேஷ் எங்க ஜன்னலைத் தாண்டி, தலையக் குனிஞ்சுகிட்டே அடுத்த பெட்டிக்குப் போனான். லவினா அவனையே பாத்தா. அவரு இவளைப் பாத்தாரு. வண்டி கெளம்பினதும், இவ கர்ச்சீப்பாலயே சீட்டைத் தொடச்சுட்டு, "உட்காருங்கப்பா"ன்னா.

பங்காருப்பேட்டையில வண்டி நின்னுச்சு. அவரு மெல்ல, "அந்தப் பேரையே வுட்டிருக்கலாம்மா"ன்னாரு.

"பேரை மட்டுமாப்பா?"ன்னா.