வாசலடி

நான் புலம்பெயர்ந்து வாழும் நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் உள்ள எங்கள் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இன்று அயர்லாந்திலிருந்து வந்த மண் பையொன்றைத் திறந்தேன். கொள்ளையர் வரும்போது ஊர்ச்சனம் ஒளிந்துகொள்வதற்காக, ஆயிரம் வருடங்களுக்கு முன் அங்கே நிலத்துக்குக் கீழே கட்டிய ஒடுங்கிய சுரங்கத்தின் மண் அது. ஒருவர் மட்டுமே தவழ்ந்து நுழையக்கூடிய அதன் வாசலைப் பற்றித்தான் நான் ஆய்வு செய்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு.

பையிலிருந்து எழுந்தது, இன்று தூர்ந்து மறைந்துவிட்ட போர்க்காலத்தில் நாங்கள் பதுங்கியிருந்த வன்னிக் குழியின், எங்கள் பங்கரின், ஈரவாசம். பனங்குற்றிக் கூரையிலிருந்து மண் கழுத்துக்குள் உதிர, அம்மாவின் சேலையில் தைத்த மண்மூட்டைகளில் சாய்ந்து, தூரத்து ஷெல் சத்தம் கிட்ட வருகிறதா என்று கேட்டபடி நாங்கள் குந்தியிருப்போம். அப்பா எப்போதும் வாசலடியில்தான் இருப்பார். அவருடைய முதுகு வெளிச்சத்தை மறைத்துவிடும்.

"அப்பா, எனக்கு மூச்சு முட்டுது. ஒருக்கா நான் அதில இருக்கட்டே?"

"அது என்ரை சிம்மாசனம், பிள்ளை. நீ படிச்சுப் பெரியாளா வா, பேந்து தாறன்."

"பெரிய ராசாதான்! காத்து முழுக்க அவருக்குத்தான்," என்று அம்மா கேலி செய்வார்.

அவர் அந்த இடத்தை ஏன் யாருக்கும் விடவில்லை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. காற்றுக்காகத்தான் என்று நம்பி, அவரோடு கோபித்துக்கொண்டிருந்தேன். ஒரு பின்னேரம் வாசலுக்கு மிகக் கிட்டத்தில் ஷெல் விழுந்தது. தூசி அடங்கியபோது, பங்கருக்குள் முதல்முறையாக வெளிச்சம் நிறைந்திருந்தது.