எழுதித் தராத நிபந்தனை

கழக்கூட்டத்தில் ஐ.டி. பார்க்குக்கு வெளியே, ஒரு வாடகைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எங்கள் ஆபீஸ். இங்கிலாந்தில் ரக்பி வீரர்களைக் கிளப்புகளில் சேர்த்துவிடும் ஒரு ஏஜென்ட்டுக்கு நாங்கள் பேப்பர் வேலை பார்த்தோம். ஒப்பந்தம் டைப் செய்வது, விசாத் தாள்களைச் சரிபார்ப்பது, வீரர்களோடு போனில் பேசுவது. அதுவரை நான் ரக்பி பார்த்ததே இல்லை. வீடு இருந்த ஆரியசாலையிலிருந்து மத்தியானம் பஸ் பிடித்துப் போய், முட்டை வடிவப் பந்தை வைத்து ஆடுகிறவர்களின் பிழைப்புக்காக உட்கார்ந்திருந்தேன்.

அவர்களில் ஒருவர் பசிபிக் கடலின் சின்னத் தீவு நாடு ஒன்றைச் சேர்ந்தவர். முன்வரிசையில் நின்று எதிரணியை முட்டித் தள்ளுகிற ஆட்டக்காரர். அவ்வளவு பெரிய உடம்புக்கு, போனில் வரும் குரல் ரொம்ப மெதுவானது. என்னை ‘சிஸ்டர்’ என்பார். மனைவி கர்ப்பமாக இருந்தாள். மகள் இங்கிலாந்திலேயே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஒப்பந்தம் முடிந்தால் விசாவும் முடியும். கிளப் புதுப்பிக்குமா என்று யாரும் சொல்லவில்லை. ஏஜென்ட் அவர் போனை எடுப்பதில்லை. நான் எடுப்பேன். அதனால் என்னையே கூப்பிட்டார்.

“சிஸ்டர், இன்னிக்கு ஏதாவது தெரிஞ்சுதா?”

தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லி, அவர் நம்பர் வந்தால் மணி நாலைந்து முறை அடித்த பிறகே எடுக்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டு, தன் மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். “அந்தத் தீவுக்காரருக்கு ரெண்டு வருஷம் குடுக்க ரெடியா இருக்காங்க. பட்சே ஒரு காரியம் உண்டு. உலகக் கோப்பைக்கு அவரு தன் நாட்டு டீமுக்குப் போகக்கூடாது. போனா அத்தனை வாரமும் கிளப்புக்கு ஆள் இல்லை. தோள்ல அடின்னு சொல்லி ஒதுங்கிக்கணும்.”

“ஒப்பந்தத்துல எங்கே சார் சேர்க்கணும்?”

“சேர்க்கவே வேண்டாம். நாட்டுக்காக ஆடப் போறவனைக் கிளப் தடுக்கக்கூடாதுன்னு ரூல் இருக்கு. நீ வாயால சொன்னா மதி, அது போதும், கேட்டோ.”

ஏஜென்ட் ஏன் தன் வாயால் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. மாடிப்படியில் நின்று போன் செய்தேன். கீழே ஹைவேயில் லாரிகள் இரைந்துகொண்டிருந்தன. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

“அது எனக்குக் கடைசி உலகக் கோப்பை சிஸ்டர். எங்க ஊர்லேயிருந்து அந்த டீமுக்குப் போன முதல் ஆள் நான். நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?”

“எழுத்துல தரச் சொல்லுங்க,” என்றேன். “நியாயமான நிபந்தனைன்னா எழுதித் தர என்ன தயக்கம்?”

அவருக்கு அது பிடித்திருந்தது. அப்படியே கேட்டார். அதோடு கிளப் வாயை மூடிக்கொண்டது.

அதன்பின் வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் பதறுகிறது. வீட்டுக்காரர் காலி செய்வீர்களா என்று கேட்கிறார் என்றார். மனைவிக்கு பிரஷர் ஏறியிருக்கிறது என்றார். அவர் இடத்துக்கு வேறொரு இளைஞனைக் கிளப் மைதானத்துக்கு வரவழைத்துப் பார்த்ததாக வேறு செய்தி வந்தது. கடைசியில் ஒரு சாயங்காலம் போனில் உடைந்து அழுதார்.

“நான் எதையும் கேட்கலைன்னு சொல்லிடுங்க சிஸ்டர். நான் போகலை. எங்கேயும் போகலை. அவங்ககிட்டச் சொல்லுங்க, ப்ளீஸ்.”

ஏஜென்ட்டுக்கு மெயில் மேல் மெயில் அனுப்பினேன். பதில் இல்லை. பொறுக்க முடியாமல், யாரிடமும் சொல்லாமல், கிளப்பில் ஆள் எடுக்கிறவருக்கே போன் செய்தேன்.

“அவர் சம்மதிச்சுட்டார்.”

“எதுக்கு?”

“நீங்க கேட்டதுக்கு.”

“நாங்க எதுவும் கேட்கலையே,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

மேனேஜர் அன்றைக்கே கத்தினார். “யாரைக் கேட்டு நீ கிளப்புக்கு விளிச்சே? உன் ஜோலி என்ன, அதைப் பாரு!” என் வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அதைவிட, அந்தக் குடும்பத்தின் சோற்றில் நானே மண் போட்டுவிட்டேனோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

அடுத்த வாரம் ஒப்பந்தம் வந்தது. இரண்டு வருஷம் ஒன்றாகக் குறைந்திருந்தது. சம்பளமும் குறைந்திருந்தது. உலகக் கோப்பையைப் பற்றி ஒரு வரி கிடையாது. நான் டைப் செய்து அனுப்பினேன். அவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வருஷத்துக்குமேல் கிளப் அவரை வைத்துக்கொள்ளவும் இல்லை. குடும்பத்தோடு தீவுக்கே திரும்பிப் போனார்.

அவர்கள் திரும்புவதற்கு முன்னால், அந்த வருஷத்தில்தான் உலகக் கோப்பை நடந்தது. அவர் நாடு ஆடிய ஒரு சாயங்காலம் ஆபீஸுக்குப் போன் வந்தது. “சிஸ்டர், பார்க்கறீங்களா?” எங்கள் டி.வி.யில் அந்த ஆட்டம் வரவில்லை என்றேன். “இருங்க, நான் சொல்றேன்.” அவரே சொல்ல ஆரம்பித்தார். “இப்ப நாங்க தள்றோம். தள்றோம். அவங்க பின்னால போறாங்க…” பின்னணியில் மகள் கூச்சலிட்டாள், கைக்குழந்தை அழுதது. அவர் இடத்தில் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் ஆடினானாம். நன்றாக ஆடுகிறான் என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். அவர்கள் ஜெயித்தார்கள்.

வாழ்த்துச் சொன்னேன். போனோடு வெளியே வந்து அவர் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“சிஸ்டர், ஊர்ல எல்லாரும் என் தோளுக்காகப் பிரார்த்தனை பண்றாங்க. அம்மாகூட. எனக்குத் தோள்ல ஒண்ணுமே இல்லைன்னு யார்கிட்டயும் சொல்ல முடியலை. உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்,” என்றேன்.