ஆல்ப்ஸை வென்ற உப்பளத்துக்காரர்

எனக்குக் கல்யாணமானபோது என் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தார். புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியும், எங்கள் உப்பளம் பேட்டையில் அந்தச் சிப்பாய் வேலைக்கு மவுசு குறையவில்லை. "மாப்பிள்ளைக்குப் பிரான்சுல வேல" என்றதுமே என் அப்பா மயங்கிவிட்டார். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஒரு முகாமின் சமையற்கட்டுக்குக் காய்கறி வாங்கிப்போடும் வேலை அது என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவருடைய மேலதிகாரியான கப்பித்தேனுக்கு மலைப் பைத்தியம். அவரிடம் என் கணவர், தான் மலை ஏறியே வளர்ந்தவன் என்று அளந்துவைத்திருந்தார். புதுச்சேரிக்கு வெளியே ஒரு செம்மண் மேடு உண்டு. அதிலேயே இவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏறுவார். கப்பித்தேன் நம்பிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் பனிமலைக்குக் கூப்பிட்டார். அவர் மனைவி தன் கம்பளிக் கால்சட்டை ஒன்றை எனக்குக் கொடுத்தாள்.

ஏறும்போது வழுக்காமலிருக்க, காலில் மாட்டும் நீளமான சறுக்குக் கட்டைகளுக்கு அடியில் தோல்பட்டை ஒட்டுவார்கள். உச்சியில் அதை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்க வேண்டும். மூச்சு வாங்க வாங்க ஏறிவிட்டோம். கப்பித்தேனும் மனைவியும் பறவை மாதிரி இறங்கிப் போனார்கள். என் கணவர் உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, எழுந்திரிங்க. அவங்க போயிட்டாங்க."

"இரு, இயற்கைய ரசிச்சிக்கினு இருக்கேன்."

"கண்ண மூடிக்கினா?"

நான் விழுந்து எழுந்து, மறுபடி விழுந்து, ஒருவழியாகக் கீழே சேர்ந்தேன். அவர் கட்டைகளைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்று அலறியபடி உட்கார்ந்தே வழுக்கி வந்தார். அவர் கால்சட்டையின் பின்பக்கம் பாதிதான் மிஞ்சியது.

விடுமுறைக்கு ஊர் வந்தபோது எங்கள் வீட்டுக் கூடம் நிறைந்துவிட்டது. பனி சரிந்து கப்பித்தேன் புதைந்துபோனதையும், தான் வெறுங்கையால் தோண்டி எடுத்ததையும் என் கணவர் சொன்னார். "அப்ப இவ எங்க இருந்தா?" என்றார் மாமியார்.

"கூடாரத்துல அழுதுக்கினு இருந்தா."

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நடந்ததை நடந்தபடி சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மாமியார் முகத்தைச் சுளித்தார். "அப்ப நீ கால்சட்டையா போட்டுக்கின?"

அன்று முழுக்க எனக்குத்தான் வசவு. புதைந்த கப்பித்தேன் புதைந்தபடியே இருந்தார்.

அடுத்த பனிக்காலத்தில் கப்பித்தேன் மனைவி என்னை மட்டும் கூப்பிட்டாள். சறுக்கப் பழகினேன். அதற்குள் பிறந்திருந்த எங்கள் கைக்குழந்தையை என் கணவர் பார்த்துக்கொள்ள, நாங்கள் இருவரும் ஒரு கணவாயைக் கடந்து மறுபக்கத்துக் கிராமம்வரை போய்த் திரும்பினோம். வெயில் ஏறினால் பனி எப்படி இளகும், காற்று எங்கே ஆளைத் தள்ளும், எல்லாவற்றையும் வீட்டில் என் கணவர் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். என்மேல் பிரியம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடி உப்பளம். மறுபடி கூட்டம். இந்த முறை கதையில் கணவாயைக் கடந்தவர் அவர். பொய் சொல்லக் கூடாது, பனியும் காற்றும் அச்சு அசலாக இருந்தன. கேட்டு முடித்த எதிர்வீட்டுப் பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அவ்ளோ தூரம் போயிருக்க. நீயும் ஒரு தடவ அந்த மலையப் பாத்துட்டு வரக் கூடாதா?"

"அவரு கூப்டா போறேங்க" என்றேன்.

என் கணவர் காபியிலிருந்து தலையை எடுக்கவே இல்லை.